ஒற்றைக்கால் கவர்னரும் ஒரு டாலர் சர்ச்சும்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலம் தாண்டி பழவேற்காட்டுக்குள் வந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். சின்ன வயசில் அந்தப் பக்கம் போகவே பயம். இப்போ வெளியூர் நண்பர்கள் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். உள்ளே படுத்திருப்பவர்கள் 1600களில் துணி வாங்கிக் கப்பலேற்ற வந்த கம்பெனி ஆட்கள். அவர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டை (1613) இன்றைக்கு வெறும் மேடும் முள்ளுச்செடியும்தான். கல்லறைகள்தான் தப்பின.

இந்த டச்சுக்காரர்கள் இரண்டு கம்பெனி வைத்திருந்தார்கள். 1602-ல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி நம்ம பக்கம் வந்தது. 1621-ல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனி அமெரிக்கா பக்கம் போனது. அந்த இரண்டாவது கம்பெனியின் அதிகாரி ஒருவர் நியூயார்க்கில் ஒரு சர்ச்சுக்கு அடியில் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்த சர்ச்சுக்குள்ளே நடனமாடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள், கவிதை படிக்கிறார்கள். படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு சாமி நம்பிக்கையே கிடையாது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தன், "சாமி கண்ணைக் குத்தாதாடா?" என்று கேட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன் :-)

சர்ச்சின் பெயர் செயின்ட் மார்க்ஸ் சர்ச் இன் தி பௌரி. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஈஸ்ட் வில்லேஜ் என்கிற பகுதியில், இரண்டாவது அவென்யூவும் பத்தாவது தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. 'பௌரி' என்பது டச்சு மொழியில் பண்ணைக்கான சொல்லிலிருந்து வந்தது. பண்ணைக்குச் சொந்தக்காரர் பீட்டர் ஸ்டைவசண்ட். போர்ச்சுகீசியரிடம் இருந்த ஒரு தீவைப் பிடிக்கப் போனார் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. 1644-ல் ஸ்பானியர்களிடமிருந்து செயின்ட் மார்ட்டின் தீவைப் பிடிக்கப் போய்த்தான் ஒரு காலை இழந்தார். பிறகு 1647-லிருந்து நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு, அதாவது இன்றைய நியூயார்க்குக்கு, கவர்னர் மாதிரி இருந்தார். 1664-ல் ஆங்கிலேயர் வந்ததும் ஊரை ஒப்படைத்துவிட்டு பண்ணையில் ஒதுங்கிவிட்டார். அடிமைகள் உழைத்த பண்ணை அது. (பழவேற்காட்டிலிருந்தும் டச்சுக்காரர்கள் அடிமைகளைக் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். கிழக்கானாலும் மேற்கானாலும் கணக்கு ஒன்றுதான்.)

இந்த மனிதர் மத விஷயத்தில் மகா கறார். தன்னுடைய சபையைத் தவிர வேறு யாரும் அங்கே கும்பிடக்கூடாது என்று நின்றார். குவேக்கர்களைத் துன்புறுத்தினார், யூதர்களை விரட்டப் பார்த்தார். அவரை எதிர்த்து 1657-ல் ஃபிளஷிங் ஊர்க்காரர்கள் எழுதிய மனு அமெரிக்க மத சுதந்திர வரலாற்றில் முக்கியமான ஆவணம். அப்பேர்ப்பட்டவர் 1672-ல் இறந்து, பண்ணையில் தான் கட்டிய சின்ன ஜெபக்கூடத்துக்கு அடியில் புதைக்கப்பட்டார்.

அவருடைய கொள்ளுப்பேரன் 1793-ல் அந்த இடத்தை எபிஸ்கோப்பல் சபைக்கு ஒரு டாலருக்கு விற்றார். புது ஆலயம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. (ஆங்கிலிக்கன் வழி வந்த சபை, நம்மூர் சி.எஸ்.ஐ.க்கு ஒரு வகையில் உறவு.) 1795-ல் அடிக்கல், 1799-ல் பிரதிஷ்டை. மன்ஹாட்டனில் இன்றும் நிற்கிற சர்ச் கட்டடங்களில் இது இரண்டாவது பழையது. கணக்குப்பதிவியலில் முதல் வருஷமே சொல்லித்தருவார்களே, நிலத்தை வாங்கிய விலைக்கே ஏட்டில் காட்ட வேண்டும் என்று? அந்தக் கணக்கில் மன்ஹாட்டன் நடுவில் இருக்கும் இந்த மனையின் மதிப்பு ஒரு டாலர். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, பின்னால் இது தேவைப்படும்.

நூறு வருஷத்துக்கு மேல் சாதாரணமாகத்தான் போனது. 1911-ல் வில்லியம் நார்மன் கத்ரி என்று ஒரு ஆயர் வந்தார். வழிபாட்டுக்குள்ளேயே கவிதையும் நடனமும் கொண்டுவந்தார். 1920களில், மரியாளுக்கு தேவதூதன் செய்தி சொன்ன காட்சியைப் பெண்கள் வெறுங்காலோடு ஆலயத்துக்குள் ஆடிக் காட்டினார்கள். நமக்கு இதில் என்ன அதிசயம்? கோயில் மண்டபத்தில் ஆடாத ஆட்டமா? ஆனால் பேராயர் மேனிங் கொதித்துப்போனார். நிறுத்தச் சொன்னார், கத்ரி நிறுத்தவில்லை. பேராயர் அந்த சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

கத்ரிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. சபைக்கு வருமானம் வேண்டும் என்று சர்ச்சைச் சுற்றி அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்ட, பிரபல கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட்டிடம் வரைபடம் கேட்டார். ரைட் வரைந்தும் கொடுத்தார். அதற்குள் 1929-ல் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் வந்துவிட்டது. அந்த வடிவத்தை வைத்துத்தான் பிறகு 1956-ல் ஓக்லஹோமாவில் பிரைஸ் டவர் கட்டினார் ரைட். கோபுரங்கள் எழுந்திருந்தால் இந்த சர்ச் வாடகை வசூலிக்கும் ஜமீன்தாராகியிருக்கும், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, 1960களுக்கு வருவோம். கலைஞர்களின் பேட்டையாக இருந்த கிரீனிச் வில்லேஜில் வாடகை ஏறிவிட்டது. காசில்லாத கவிஞர்கள், நடிகர்கள், பாட்டுக்காரர்கள் எல்லாம் கிழக்கே நகர்ந்து, உக்ரேனியர்களும் போலந்துக்காரர்களும் போர்ட்டோரிக்கோ குடும்பங்களும் வசித்த மலிவான தெருக்களுக்கு வந்தார்கள். ஈஸ்ட் வில்லேஜ் என்ற பெயரே அப்போதுதான் பரவியது. வீடு கிடைத்தது. மேடை கிடைக்கவில்லை. இரண்டாவது அவென்யூவில் லெ மெட்ரோ என்ற காபிக்கடையில் கவிதை படித்தார்கள். 1964-ல் நகராட்சி, லைசென்ஸ் இல்லாமல் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்று அந்தக் கடைக்கு சம்மன் அனுப்பியது. கவிதை படிக்க லைசென்ஸ்!

அப்போது செயின்ட் மார்க்ஸில் ஆயராக இருந்தவர் மைக்கேல் ஆலன். வந்தவர்களிடம் ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். 1964-ல் ரால்ஃப் குக் என்பவர் அங்கே தியேட்டர் ஜெனிசிஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். குக் ஒரு நைட் கிளப்பில் தலைமை சர்வர். அதே கிளப்பில் எச்சில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் நாடகம் எழுதுவது தெரிந்து, அதை வாங்கி மேடையேற்றினார். பையனுக்கு அப்போது 20 வயது. பெயர் சாம் ஷெப்பர்ட். 1979-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். அந்த அக்டோபர் மாதம் சர்ச்சில் போட்ட இரண்டு நாடகங்களில் ஒன்று, வீட்டில் அப்பா அம்மா முன்னால் படிக்க முடியாத ரகம். ஆயர் பின்வாங்கவில்லை.

1966-ல் பொயட்ரி ப்ராஜெக்ட் தொடங்கியது. இதற்குப் பணம் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இளம் குற்றவாளிகளைத் திருத்துவதற்கான மத்திய அரசு அலுவலகம் கொடுத்த மானியம் அது, கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர். வழிதவறிய இளைஞர்களைக் கலை மூலம் நல்வழிப்படுத்துவதாகத் திட்டம். நல்வழிக்கு வந்தார்களோ இல்லையோ, கவிதைக்கு வந்தார்கள். முதல் இயக்குநர் ஜோயல் ஓப்பன்ஹைமர். 1968-லிருந்து பத்து வருஷம் ஆன் வால்ட்மன் நடத்தினார், பொறுப்பேற்றபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம், ஏறக்குறைய நம்ம வயசு. ஆலன் கின்ஸ்பெர்க் அங்கே வீட்டுப்பிள்ளை மாதிரி. 1971 பிப்ரவரி 10 அன்று பாட்டி ஸ்மித், லென்னி கே கிட்டார் வாசிக்க, தன் கவிதைகளை முதன்முதலில் மேடையில் படித்தது இங்கேதான். சர்ச்சுக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரா என்று அன்றைக்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு. 1974-ல் நடனத்துக்கென்று டான்ஸ்பேஸ் ப்ராஜெக்ட் வந்தது.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் பக்கத்துத் தெருவில் பல வருஷம் குடியிருந்தவர், இந்த சபையின் உறுப்பினர். அவர் மேடைக்காக வரவில்லை, ஜெபிக்க வந்தார். வழிபாட்டு முறையைப் புதுசாக மாற்றியபோது ஆயருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்ற தொனியில் கடிதம் எழுதினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய வார்த்தைகளுக்காகவே சர்ச்சுக்கு வருகிறவர்கள் உண்டு. கதவைத் திறந்தால் வெளியிலிருந்து ஆள் வருவார்கள், உள்ளே இருப்பவர் சிலர் போவார்கள். அந்த விலையை அந்தச் சபை கொடுத்தது.

நம்மிடமும் சபையும் கலையும் சேர்ந்த இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965-ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருச்சியில் 1977-ல் தொடங்கிய கலைக்காவிரி. ஆனால் அவை சபையைச் சேர்ந்தவர்களே கலைக்காக உண்டாக்கிய நிறுவனங்கள். செயின்ட் மார்க்ஸ் செய்தது வேறு. தனக்குச் சம்பந்தமில்லாதவர்களிடம், தன்னைக் கேலி செய்யக்கூடியவர்களிடமும், சாவியைக் கொடுத்தது. அதே சமயம் கட்டடத்தை விற்கவில்லை, ஞாயிறு ஆராதனையை நிறுத்தவும் இல்லை.

இந்த இடத்தில்தான் அந்த ஒரு டாலர். அக்கம்பக்கம் என்ன ஆனது பாருங்கள். இதே அவென்யூவில் ராக் இசைக்குப் பேர்போன ஃபில்மோர் ஈஸ்ட் 1968-ல் திறந்து 1971-லேயே மூடிவிட்டது. பங்க் இசை பிறந்த சி.பி.ஜி.பி. கிளப் வாடகைத் தகராறில் 2006-ல் போனது. ஆறாவது அவென்யூவில் ஹோலி கம்யூனியன் என்று இன்னொரு பழைய எபிஸ்கோப்பல் சர்ச், அதை விற்றுவிட்டார்கள். 1983-ல் அது லைம்லைட் என்ற நைட் கிளப் ஆனது, போலீஸ் வழக்குகளில் அடிபட்டது, 2010-ல் கடைகளாக மாறியது. மூன்றுக்கும் ரசிகர் கூட்டத்தில் குறைவே இல்லை. லாபம் கேட்கும் முதலாளியும் வாடகை ஏற்றும் கட்டடக்காரரும் இருந்தார்கள், அவ்வளவுதான். செயின்ட் மார்க்ஸ் கலைக்கூடமாகப் பிழைத்ததே அது சர்ச்சாகவே இருந்ததால்தான் என்பது என் கருத்து. கடவுளுக்காக ஒதுக்கிய இடம் என்பதால் சந்தை விலை அதைத் தொடவில்லை. கடவுளை நம்பாத கவிஞர்கள் அந்த நிழலில் ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1978 ஜூலை 27 அன்று தீப்பிடித்து கூரை போனது, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பல நொறுங்கின. இடித்துவிடலாம் என்ற பேச்சு எடுபடவில்லை. ஊர்க்காரர்கள் குழு சேர்த்துப் பணம் திரட்டினார்கள். அந்தப் பேட்டையின் வேலையில்லாத பையன்களுக்குத் தச்சு வேலையும் கல்வேலையும் கற்றுக்கொடுத்து, அவர்களையும் வைத்தே கட்டினார்கள். 1986-ல் வேலை முடிந்தது. இப்போது உள்ளே போனால் வரிசையாக அடித்து வைத்த பெஞ்சுகள் கிடையாது. மழமழவென்று திறந்த மரத்தளம். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டால் ஆலயம், எடுத்துவிட்டால் நடன மேடை.

1974 முதல் வருஷாவருஷம் புத்தாண்டு தினத்தில் அங்கே ஒரு கவிதை மாரத்தான் நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக நள்ளிரவு தாண்டியும் படிப்பார்கள், ஆளுக்குச் சில நிமிஷங்கள். டிக்கெட் காசு பொயட்ரி ப்ராஜெக்ட்டின் வருஷச் செலவுக்கு. எல்லா மதத்தாரும், மதமே இல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள். தன் சபையைத் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாது என்ற ஸ்டைவசண்ட் அடியில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.