வில்லியனூரில் ஒரு கம்பியில்லா வலை

லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டால் காலேஜ் வைஃபை வந்துவிடுகிறது. இதன் வரலாற்றைத் தேடப் போனேன். கடைசியில் எங்கள் வில்லியனூருக்கே வந்து சேர்ந்தேன்!

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு, தனித்தனித் தீவுகளில் இருந்த வளாகங்களை ரேடியோ அலையால் கம்ப்யூட்டரோடு இணைத்தது. பெயர் அலோஹாநெட். வைஃபைக்கான 802.11 தரம் வந்தது 1997-இல்.

அதற்கு அடுத்த வருடம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. டெலிபோன் சரியாக இல்லாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாக டேட்டா போனது. வைஃபை அளவுக்கு வேகமெல்லாம் கிடையாது. ஆனால் மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், இணையத்தில் எடுத்த கடல் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்க லேப்டாப்பும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஊருக்குப் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

நண்பர்களே, எங்கள் காலேஜ் வைஃபை காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுகிறது. அந்த ஒலிபெருக்கியோ கடைசி வீடு வரை கேட்டது.