கணக்கில் ஒரு பள்ளம்

பாட்டிக்கு வருஷங்களின் எண்கள் தெரியாது. விஷ ஜுரம் வந்த வருஷம் என்பாள். அது 1918 என்று பிற்பாடு நான் கணக்கிட்டுக்கொண்டேன். அந்த ஐப்பசியில் ஒரே வாரத்தில் அவளுடைய அண்ணன்மார் இருவரும் போனார்கள். பெயர்களைச் சொல்வாள். அதற்குமேல் சொல்லமாட்டாள், நானும் கேட்டதில்லை.

அந்த ஜுரம் 1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டியது. மழை ஓய்ந்தபின் மறுபடி வந்தபோதுதான் கொன்று குவித்தது. இறந்தவர்கள் 1.2 கோடி என்கிறார்கள், அதற்கும் மேல் என்கிறார்கள். சாவுப் பதிவேடுகள் அதைத் தாங்கவில்லை. பள்ளம் தெரிந்தது 1921 ஜனக்கணக்கில்: இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடி, பத்து வருஷம் கழித்து 25.13 கோடி. இருபதாம் நூற்றாண்டில் ஜனத்தொகை குறைந்த ஒரே தசாப்தம். இருக்கிறவர்களை எண்ணித்தான் இல்லாதவர்களைக் கண்டுபிடித்தார்கள். பாட்டியின் அண்ணன்மார் சரித்திரத்தில் இருப்பது அந்தக் கழித்தலில்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. அப்போது கையிலெடுத்த சட்டங்களில் ஒன்று 1897இல் பம்பாய்ப் பிளேகுக்காக இயற்றியது, நாலே பிரிவு. அதே வருஷம் புனேயில் வீடு வீடாகச் சோதனைக்குச் சிப்பாய்களை அனுப்பிய ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். எங்கள் தெருவுக்குச் சிப்பாய் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். ஜன்னலருகே நின்று பார்த்தேன். எங்கள் வாசல் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

2021 மே மாதம் எங்கள் முறை. பெரியம்மா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். உறையின் ஜிப்பைச் சற்று இறக்கி முகத்தைக் காட்டினார்கள். மூக்குத்தி இருந்தது, ஆகவே அவள்தான். சான்றிதழில் நிமோனியா என்று மட்டும் போட்டிருந்தது. கேட்டேன். கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லையே சார் என்றார் குமாஸ்தா. அவர் மேஜையில் அடுக்கியிருந்த காகிதங்களைப் பார்த்தபின் தர்க்கம் செய்யத் தோன்றவில்லை.

அரசாங்கக் கணக்கில் இந்தியாவின் கோவிட் சாவு சுமார் 5.3 லட்சம். 2020, 2021 இரண்டு வருஷங்களுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது 47 லட்சம், அரசாங்கம் மறுத்தது. இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ பெரியம்மா. 2021இல் எடுத்திருக்கவேண்டிய ஜனக்கணக்கோ அந்த வருஷம் எடுக்கப்படவில்லை. பாட்டியின் அண்ணன்மாருக்குக் கிடைத்த கழித்தல்கூட அவளுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

ரேஷன் கார்டில் அவள் பெயரை ஏழெட்டு மாதம் நாங்கள் நீக்கவில்லை. அவள் பங்கு அரிசியும் வந்துகொண்டிருந்தது.