முழங்காலின் கதை



செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலை வேளையில் உலாவும்போது என் வயதொத்தவர் பலரைச் சந்திக்கிறேன். நலம் உசாவி முடிந்ததும் பேச்சு முழங்கால் வலிக்கு வந்துவிடும். நாற்று நட்டும் மூட்டை சுமந்தும் உழைத்த கால்கள் அவர்களுடையவை. அவர்களுடைய மக்களோ ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் நெடுநேரம் நின்று உழைக்கின்றனர். இருவகை உழைப்பையும் தாங்குவது முழங்கால் மூட்டேயாகும். அதன் அமைப்பையும், மருத்துவ உலகம் அதனை அறிந்துகொண்ட வரலாற்றையும் இன்று காண்போம்.

நம் உடலின் மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால். மேலே தொடை எலும்பு. கீழே கணைக்கால் எலும்பு. முன்னே காவலாக முழங்காற் சில்லு. பிறந்த குழந்தைக்கு இச்சில்லு வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஏறத்தாழ மூன்று வயதிலிருந்துதான் அது எலும்பாக மாறத் தொடங்கும். மூட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு இணைப்பு நார்களும், நடுவே பெருக்கற்குறி போல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு நார்களும் எலும்புகளைப் பிணைத்து நிறுத்துகின்றன. எலும்புகளுக்கு இடையே பிறை நிலா வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் மெத்தை போல் அமைந்துள்ளன. நாம் சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பளு இம்மூட்டின்மீது விழுகிறது. அப்பளுவைப் பரப்பித் தாங்குவது இப்பிறைகளின் பணியாகும்.

நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் முழங்காலின் அருமையை அறிந்திருந்தனர். சுசுருதரின் நூல் அதனை உடலின் மர்ம இடங்களுள் ஒன்றாக எண்ணி, அங்கே அடிபட்டால் நடை நொண்டும் என்று கூறுகிறது. ஆயினும் மூட்டுக்குள் இருக்கும் பிறைகளின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை.

1883-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் தாமஸ் அன்னண்டேல் என்னும் அறுவை மருத்துவர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்தார். இடம் பெயர்ந்திருந்த பிறையை அவர் வெட்டி எறியவில்லை. உரிய இடத்தில் வைத்துத் தைத்தார். தொழிலாளி நலமுற்றார். ஆனால் அவ்வழியைப் பின்னர் வந்தோர் போற்றவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் பிளாண்ட்-சட்டன் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், பிறைகள் பயனிழந்த தசைகளின் மிச்சமே என்று எழுதினார். பயனற்றதாயின் நீக்குவதில் தவறென்ன? பிறை கிழிந்தால் அதனை முழுவதும் அகற்றிவிடுவதே பல பத்தாண்டுகள் மருத்துவ முறையாக நிலவிற்று.

1948-ஆம் ஆண்டில் ஃபேர்பேங்க் என்னும் ஆங்கில மருத்துவர், பிறை நீக்கப்பட்டவர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே படங்களில் ஆராய்ந்தார். எலும்புகளுக்கு இடையே இருந்த வெளி குறுகியிருந்தது. எலும்பின் விளிம்பு புடைத்திருந்தது. மூட்டு தேயத் தொடங்கியிருந்தது. பயனற்றது என்று எறியப்பட்ட பொருளே மூட்டைக் காத்து வந்தது என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று.

அதன்பின் காப்பதே நோக்கமாயிற்று. 1918-ல் தோக்கியோவில் தக்காகி என்னும் பேராசிரியர், சிறுநீர்ப்பையை நோக்க உதவும் குழாய்க் கருவியால், இறந்தவரின் முழங்காலுக்குள் நோக்கியிருந்தார். அவர் வழிவந்த வத்தனபே 1962-ல் அத்தகைய கருவியைச் செலுத்தி, பிறையின் கிழிந்த பகுதியை மட்டும் அகற்றினார். பிறையின் வெளி விளிம்புக்கே குருதி ஓட்டம் உண்டு. ஆதலால் அப்பகுதிக் கிழிசலைத் தைத்தால் ஆறும். உட்பகுதிக் கிழிசல் எளிதில் ஆறாது.

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு. இளம் வயதினரைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய் முழங்காலை அடுத்தே மிகுதியாகத் தோன்றும். முன்னாளில் காலையே வெட்டி எடுப்பர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் மயில்வாகனன் நடராஜன், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, அவரவர் அளவுக்கேற்ப இந்நாட்டிலேயே செய்த உலோக மூட்டைப் பொருத்தும் முறையை வளர்த்தார். 2007-ல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஆசிரியப் பயிற்சியில் உடற்கூறு படித்தவன் நான். கரும்பலகையில் முழங்காலின் படம் வரைந்து பாடம் நடத்தியவன். ஆயினும் பாடம் ஒப்பிக்காத சிறுவர்களைச் சரளை நிலத்தில் முழங்காலிட்டு நிற்கச் செய்திருக்கிறேன். ஒருநாள் ஒரு சிறுவன் எழ முடியாமல் சுவரைப் பற்றினான். "நடிக்காதே" என்றேன். மறுநாள் வீங்கிய முழங்காலோடு வந்தான். முழங்காற் சில்லின் முன்னே உராய்வைத் தடுக்கும் சிறு திரவப் பை ஒன்று உண்டு. மண்டியிட்ட நிலையில் அது அழுந்திப் புண்பட்டால் வீங்கும். அப்படத்தை வரைந்த எனக்கு இது தெரியாததன்று. அவன் முழங்காலை நான் நோக்கவில்லை, அவ்வளவே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய தண்டனைகளைத் தடை செய்துள்ளது. சட்டம் வரும்வரை காத்திருந்தது என் குறையே.

மாணவர்களே, கபடி ஆடும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பினால், குறுக்கு நாரும் பிறையும் கிழியக்கூடும். மூட்டு வீங்கினாலும், மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலும், இழுத்து நீவிவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தொடைத் தசையை வலுவாக வைத்திருங்கள். உடல் எடை மிகாமல் காத்துக்கொள்ளுங்கள். ஆலையில் நின்று உழைத்து வீடு திரும்பும் அண்ணனோ அக்காளோ கால் வலிக்கிறது என்றால், அதனைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அமர ஒரு பலகை கொடுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.