பாஸ்போர்ட்டைக் கொடுத்த காதலன்

நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும், ப்ராக் நகரத்துக் காதல் படம் ஒன்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. சொல்கிறேன்.

1968 ஆகஸ்ட். நெய்வேலியில் சோவியத் உதவியோடு மின் நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது. 1962-ல் 50 மெகாவாட்டில் ஆரம்பித்தது, 1970-ல் 600-ஐத் தொட்டது. நம் வீட்டு பல்பை எரியவிட்ட நண்பர்கள். அந்த மாதம் 20-ம் தேதி ராத்திரி, அதே நண்பர்களின் டாங்குகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. அங்கே டூப்செக் என்ற தலைவர், சோஷலிசத்துக்கு மனித முகம் வேண்டும் என்றார். பத்திரிகைத் தணிக்கையைத் தூக்கினார். அவ்வளவுதான் குற்றம்!

ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு விஷயம் போனது. 'கண்டிக்கிறோம்' என்ற வார்த்தை இந்தியாவுக்கு இடித்தது. ஓட்டெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது. மத்திய அமைச்சர் அசோக் மேத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ராஜினாமா செய்தார். பி.காம். படித்த எனக்கு அரசாங்கத்தின் கணக்கு புரிகிறது. வரவு மின்சாரம், செலவு மௌனம். புரிந்துவிட்டால் அது சரியாகிவிடுமா, என்ன?

இப்போது படத்துக்கு வருவோம். மிலன் குந்தேராவின் நாவலை வைத்து ஃபிலிப் காஃப்மன் 1988-ல் எடுத்த 'தி அன்பேரபிள் லைட்னஸ் ஆஃப் பீயிங்'. நாயகன் தாமஸ், அறுவை சிகிச்சை டாக்டர். பெண்கள் விஷயத்தில் மகா சபலக்காரர். மனைவி தெரெசா இதில் நொந்துபோகிறாள். படுக்கையறைக் காட்சிகள் தாராளம். குழந்தைகள் தூங்கியபிறகு பாருங்கள்.

திடீரென்று தெருவில் டாங்க். 1968-ல் உண்மையாகவே எடுத்த துண்டுப் படங்களுக்கு நடுவே நடிகர்களைக் கலந்திருக்கிறார் காஃப்மன். எது நிஜம், எது நடிப்பு என்று தடுமாறிப்போவீர்கள். தெரெசா பயப்படாமல் போட்டோ எடுத்துத் தள்ளுகிறாள். உலகம் பார்க்கட்டும் என்று! கடைசியில் அந்த மாதிரிப் படங்களே விசாரணை அதிகாரியின் மேஜைக்கு வருகின்றன. 'இதில் இருப்பது யார்?' என்று ஆள் பிடிக்கக் கேட்கிறார்கள். சாட்சியே காட்டிக்கொடுக்கும் கொடுமை.

இருவரும் ஜெனீவாவுக்குத் தப்புகிறார்கள். தெரெசாவால் இருக்க முடியவில்லை, ஊர் திரும்புகிறாள். தாமஸ் யோசிக்கிறார். பின்னாலேயே போகிறார். எல்லையில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இனி வெளியே வர முடியாது. பின்னால் டாக்டர் வேலையும் போய், ஜன்னல் கண்ணாடி துடைக்கிறார். எந்தப் பெண்ணிடமும் கட்டுப்படாத மனுஷன், ஒருத்திக்காகக் கூண்டுக்குள் போன கதை இது.

சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. செக்கோஸ்லோவாகியா 1993-ல் இரண்டானது. நெய்வேலியின் அந்த முதல் மின் நிலையமும் 2020-ல் நிறுத்தப்பட்டது. அன்று லாபம் பார்த்து எழுதிய கணக்கெல்லாம் முடிந்துபோனது. நஷ்டம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்களைத்தான், சார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.