சூப்பர்சார்ஜர் பூஸ்ட் இழப்பு

சூப்பர்சார்ஜர் பூஸ்ட் இழப்பு என்பது, எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு பெல்ட் வழியே இயங்கும் சூப்பர்சார்ஜர், இன்டேக் மேனிஃபோல்டில் வழக்கமாக ஏற்றும் அழுத்தத்தை ஏற்ற முடியாமல் போகும் கோளாறு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி இழுக்காது. பூஸ்ட் மீட்டரின் முள் பாதியில் நிற்கும் அல்லது ஏறி இறங்கும்.

இயங்கும் முறை

கார்களில் பரவலாக உள்ள ரூட்ஸ் வகை, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுபொறியிலிருந்து வந்தது. முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் ஈட்டன் எம்45, ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டாம் வரிசை 3800 வி6 எஞ்சினில் எம்90 ஆகியவை இவ்வகையின. எம்90 ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 லிட்டர் காற்றைத் தள்ளும்.

ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள் அமுக்குவதில்லை. எஞ்சின் இழுத்துக்கொள்வதைவிட அதிகக் காற்றைத் தள்ளுவதால்தான் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. எனவே கோளாறுகள் மூன்று வகைப்படும்: சுழல்வேகம் குறைதல், தள்ளிய காற்று தங்காமல் போதல், உள்ளே வரும் காற்று தடைபடுதல்.

முதற்சோதனை

மீட்டரும் அதன் ஹோஸும் சரியா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், மேனிஃபோல்டு அழுத்த சென்சார் அவ்விடத்தின் வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் இது சுமார் 101 கிலோபாஸ்கல். 1,500 மீட்டர் உயர மலைப்பகுதியில் இது 85 கிலோபாஸ்கலை ஒட்டியிருக்கும்; பூஸ்ட்டும் அதே விகிதத்தில் குறையும்.

பெல்ட் வழுக்கல்

குறைந்த வேகத்தில் சரியாக ஏறும் பூஸ்ட் எஞ்சின் வேகம் கூடும்போது சரிந்தால், பெல்ட் வழுக்குவதாகவே முதலில் ஐயுற வேண்டும். பளபளத்த பெல்ட், புல்லியருகே கறுப்புத் தூள், எண்ணெய்ப் பிசுக்கு, தளர்ந்த டென்ஷனர் ஆகியவை அடையாளங்கள். மற்றொரு வகையான மையவிலக்குச் சூப்பர்சார்ஜரில் அழுத்த ஏற்றம் சுழல்வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதால், 10 சதவீத வழுக்கலே பூஸ்ட்டில் ஏறத்தாழ 19 சதவீதத்தைப் பறித்துவிடும். மின்காந்த கிளட்ச் உள்ள மாடல்களில் கிளட்ச் பிடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பைபாஸ் வால்வு

பெல்ட் சரியாக ஓடியும் பூஸ்ட் அறவே இல்லையென்றால் பைபாஸ் வால்வைச் சோதிக்க வேண்டும். மிதமான ஓட்டத்தில் மேனிஃபோல்டின் வெற்றிடம் இவ்வால்வைத் திறந்துவைக்கும். முழுதாக மிதிக்கும்போது ஸ்பிரிங் மூடிவிடும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால், தள்ளிய காற்று நுழைவாய்க்கே சுற்றி வரும். கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்து, தண்டு தடையின்றி நகர்ந்து திரும்புகிறதா என்று பார்க்கலாம். வால்வை எஞ்சின் கணினியும் கட்டுப்படுத்தும் வண்டிகளில் சொலினாய்டையும் அதன் வயரையும் ஸ்கேனரின் பழுதுக் குறியீடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கசிவும் தடையும்

இன்டர்கூலரின் ரப்பர் இணைப்புகள், கிளாம்ப், கேஸ்கட் ஆகியவை கசிவு காணும் இடங்கள். நுழைவாயை அடைத்து, வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாமல் காற்றேற்றிச் சோப்புநீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூப்பர்சார்ஜருக்கு முன்னால், அடைபட்ட ஏர் ஃபில்டர், உட்குழிந்த ஹோஸ், முழுதாகத் திறக்காத த்ராட்டில் ஆகியவை காற்றைத் தடுக்கும்.

உட்பழுது

வெளியே குறை தெரியாதபோதே சூப்பர்சார்ஜரைக் கழற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டை எடுத்துவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றினால் சீராகச் சுழல வேண்டும். புல்லி சுழன்றும் உள்ளிருக்கும் சுழலிகள் (ரோட்டர்கள்) அசையாவிட்டால் உள்ளிணைப்பு முறிந்திருக்கிறது. சுழலிகளின் பூச்சு தேய்ந்தால் இடைவெளி கூடிக் காற்று பின்னோக்கி நழுவும். குறைந்த வேகத்தில் இது அதிகம் தெரியும், வெளிவரும் காற்றின் வெப்பமும் கூடும். பல மாடல்களில் கியர்களுக்குத் தனி எண்ணெய் உண்டு. அது வற்றினால் பேரிங்கும் கியரும் கெடும். மினியில் தண்ணீர்ப் பம்பையும் சூப்பர்சார்ஜரே சுழற்றுவதால் எஞ்சின் கொதித்துப்போகவும் கூடும்.

தவறான முடிவுகள்

காரணம் அறியாமல் சிறிய புல்லி மாட்டி அழுத்தத்தை ஈடுகட்டினால் பெல்ட் மேலும் வழுக்கலாம். கசிவை அடைத்ததும் அளவுமீறிய பூஸ்ட் ஏறி எஞ்சினில் நாக்கிங் வரலாம். தடை குறைந்த எக்ஸாஸ்ட் அல்லது மாற்றியமைத்த சிலிண்டர் ஹெட் பொருத்தியபின் மீட்டர் அளவு சற்று இறங்குவது பழுதல்ல. எஞ்சின் முன்னைவிட அதிகக் காற்றை எளிதாக வாங்கிக்கொள்கிறது. அப்போது பூஸ்ட் குறைந்தும் ஆற்றல் கூடியிருக்கும்.