வெற்றுக் கோட்டிலிருந்து படிவத்துக்கு: அமெரிக்காவில் ரைட்-இன் வேட்பாளர் விதிகளின் வளர்ச்சி

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வாக்குச்சீட்டில், அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். பட்டியலில் எவரையும் விரும்பாத வாக்காளர், தமக்கு வேண்டியவரின் பெயரை அதில் எழுதலாம். அவ்வாறு எழுதப்படுபவரே ரைட்-இன் வேட்பாளர். வாக்காளரின் உரிமையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவத்தைச் சார்ந்ததாக மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசுச் சீட்டின் வருகை

1880கள் வரை அங்கே வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தவை கட்சிகளே. பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவதும், பசை தடவிய துண்டுத்தாளை அதன்மேல் ஒட்டுவதும் வழக்கம். இதற்காக எவரும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அறிமுகமான இரகசிய வாக்குமுறையை, 1888இல் கென்டக்கியின் லூயிவில் நகரமும் மாசசூசெட்ஸ் மாநிலமும் ஏற்றன. பிற மாநிலங்களும் விரைவில் பின்தொடர்ந்தன. வாக்கு இரகசியமானது, கூடவே, எந்தப் பெயர் அச்சேறும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அரசின் கைக்குப் போனது. கையொப்பங்களும் கெடுத்தேதிகளும் அச்சுப் பட்டியலின் வாயிற்காவல் ஆயின. அந்தக் காவலைத் தாண்டும் வழியாகவே வெற்றுக் கோடு நின்றது. அச்சிட்ட பெயர்களுக்குள் மட்டுமே வாக்காளர் அடங்க வேண்டியதில்லை என இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றமும் 1895இல் சானர் எதிர் பாட்டன் வழக்கில் ஏற்றது.

எதிர்பாராத வெற்றிகள்

1954 செப்டம்பரில் தென் கரோலினாவின் செனட்டர் பர்னெட் மேபாங்க் இறந்தார். ஜனநாயகக் கட்சிக் குழு, உட்கட்சித் தேர்தல் நடத்தாமலே எட்கர் பிரவுனை நிறுத்தியது. இதை எதிர்த்து ரைட்-இன்னாக நின்ற ஸ்ட்ராம் தர்மண்ட், 63 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். 1958இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் தொகுதியில், தேர்தலுக்கு 8 நாள் இருக்கையில் களமிறங்கிய டேல் ஆல்ஃபோர்டு, பதவியிலிருந்த புரூக்ஸ் ஹேஸைத் தோற்கடித்தார். அவர் பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் பயன்படுத்தப்பட்டது பெரும் சர்ச்சையானது.

தாக்கல் விதிகள்

கையெழுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து எண்ணுவது பெரும் வேலை. விளையாட்டுக்கு எழுதும் பெயர்களும் அதில் கலந்திருக்கும். முன்பதிவு செய்தவருக்கு விழுந்த வாக்கை மட்டும் எண்ணினால் போதும் என்ற வாதத்துக்கு வலுச்சேர்த்தது இதுவே. இன்று டெக்சாஸில் பொதுத்தேர்தலுக்கு 78 நாள் முன்பே, கட்டணம் அல்லது ஆதரவுக் கையொப்பங்களுடன் அறிவிக்கை கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் 14 நாள் முன்புவரை அவகாசம் உண்டு. அலாஸ்காவில் 5 நாள் போதும். ஹவாய், லூசியானா, நெவாடா, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா ஆகியவற்றில் ரைட்-இன்னுக்கே இடமில்லை. எங்கும் பதவிக்குரிய வயது, குடியுரிமை, வசிப்பிடத் தகுதிகள் அச்சுப் பட்டியல் வேட்பாளருக்கு உள்ளவையே.

ஆனால் அந்தத் தகுதியை எந்த நாளில் கணக்கிடுவது என்பதில் முழுத் தேர்தலும் புரளக்கூடும். மைக் டகன் 2012 ஏப்ரல் 16இல் மிச்சிகனின் டெட்ராய்ட் நகர வாக்காளராகப் பதிவானார். மனுத்தாக்கலின்போது ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது நகரச் சாசனம். அவரோ 2013 ஏப்ரல் 2இல், இரண்டு வாரம் முந்தியே மேயர் பதவிக்கு மனுவைக் கொடுத்துவிட்டார். கடைசி நாளோ மே 14. அவசரப்படாமல் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. நீதிமன்றம் அவர் பெயரை நீக்கியது. மிச்சிகன் சட்டப்படி ரைட்-இன் அறிவிக்கை தரத் தேர்தலுக்கு முந்தைய இரண்டாம் வெள்ளி மாலை 4 மணிவரை நேரம் இருந்தது. அதற்குள் ஓராண்டும் நிறைந்துவிட்டது. ஆகஸ்டில் ரைட்-இன்னாக முதற்சுற்றையும் நவம்பரில் இறுதிச் சுற்றையும் வென்று மேயரானார்.

நீதிமன்றப் பார்வை

1986இல் ஹவாயில் தம் தொகுதிச் சட்டமன்ற இடத்துக்கு ஒருவரே மனுச்செய்திருந்ததால், ரைட்-இன் தடையை எதிர்த்து ஆலன் பர்டிக் என்னும் வாக்காளர் வழக்குத் தொடுத்தார். 1992இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தடையை ஏற்றது. அச்சுப் பட்டியலில் இடம்பெறும் வழி எளிதாக இருந்தால் போதும். வாக்குச்சீட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கருவி, கருத்தை வெளியிடும் மேடை அல்ல என்பது பெரும்பான்மையின் நிலை.

2010இல் அலாஸ்காவில் வேறொரு கேள்வி எழுந்தது. குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்ற செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி, ரைட்-இன்னாக நின்று முந்தினார். அறிவிக்கையில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதிய வாக்குகளே செல்லும் என்றார் மில்லர். வாக்காளரின் எண்ணமே முதன்மை என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது.

முடிவுரை

விதிகளின் போக்கு ஒரே திசையிலானது: 1888க்கு முன் பெயர் எழுதுவது வாக்காளரின் செயல் மட்டுமே, இன்று படிவம் தராதவரின் பெயர் பல மாநிலங்களில் எண்ணப்படுவதே இல்லை. எனினும், பிழையாக எழுதிய பெயர் எவரைக் குறிக்கிறது என்று ஒப்பிட்டு முடிவுசெய்யப் பதிவான ஒரு பெயர் தேவை. ஆகவே அறிவிக்கை கேட்பதில் தவறில்லை. டெக்சாஸின் 78 நாளுக்கும் அலாஸ்காவின் 5 நாளுக்கும் இடையிலான தூரமே ஆராயத்தக்கது. மேபாங்கைப் போல ஒருவர் தேர்தல் நெருங்குகையில் இறக்கலாம். கட்சி அவசரமாக ஒருவரைத் திணிக்கலாம். வெற்றுக் கோடு பயன்படவேண்டிய அந்த நேரத்தில், நீண்ட கெடு விதித்த மாநிலத்தின் வாக்காளருக்கு அது உதவாது.