உறங்கிக் கிடந்த மொழி



ஆஸ்திரேலியாவின் தென்கரையில் அடிலெய்டு என்னும் பெருநகரம் இருக்கிறது. அது எழும்புவதற்கு முன் அந்தச் சமவெளியில் வாழ்ந்தவர்கள் கவுர்ணா என்னும் பழங்குடி மக்கள். வெள்ளையர் 1788-இல் ஆஸ்திரேலியாவில் குடியேறத் தொடங்கியபோது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கி வந்தன. அவற்றுள் கவுர்ணாவும் ஒன்று. 1836-இல் ஆங்கிலேயர் இந்தச் சமவெளிக்கும் வந்து சேர்ந்தனர்.

இரண்டாண்டு கழித்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சமயச் சங்கம் ஒன்று டைக்கெல்மன், ஷூர்மன் என்ற இரு பாதிரிமாரை அங்கே அனுப்பியது. (1840-இல் தமிழகத்துத் தரங்கம்பாடிக்கு ஒருவரை அனுப்பியதும் இதே சங்கம்தான்.) இவர்கள் கவுர்ணாப் பெரியவர்களிடமே பாடம் கேட்டார்கள். 1839 டிசம்பரில் ஆற்றங்கரையில் பில்தாவோட்லி என்னும் இடத்தில் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே எழுத்தறிவித்தார்கள். 1840-இல் இலக்கணமும் ஏறக்குறைய 2,000 சொற்களும் கொண்ட நூல் ஒன்றை அச்சிட்டார்கள். பிள்ளைகள் தம் மொழியில் கடிதமே எழுதினார்கள்!

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வருத்தம் தரும் ஆண்டு 1845. கவர்னர் ஜார்ஜ் கிரேயின் ஆட்சியில் அந்தப் பள்ளி மூடப்பட்டது, குடிசைகளும் இடிக்கப்பட்டன. பிள்ளைகள் ஆங்கிலம் மட்டுமே கற்பிக்கும் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். நோயாலும் நிலம் பறிபோனதாலும் மக்கள் தொகை ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது. இப்போது பேச்சும் குறைந்தது. பாதிரிமாருக்கு மொழி சொல்லிக்கொடுத்தவர்களுள் ஒருவரான இட்யாமையிட்பின்னாவின் மகள் இவாரிச்சி 1929-இல் மறைந்தார். அந்த மொழியை நன்கறிந்த கடைசி ஆள் அவர் என்பார்கள். இவாரிச்சி என்றால் மென்தூறல் என்று பொருள்.

ஆனால் ஏடு இருந்தது. டைக்கெல்மன் 1857-இல் எழுதி முடித்த பெரிய சொற்பட்டியல் யாரிடம் போயிற்று தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் அப்போது கவர்னராயிருந்த அதே கிரேயிடம்! அவருக்கு மொழிகளைப் பற்றிய ஏடுகளைச் சேர்ப்பதில் பெரும் ஆசை. கேப் டவுன் நூலகத்தில் அது பத்திரமாய்க் கிடந்தது.

1990-இல் கவுர்ணாப் பாடல்கள் சிலவற்றை இயற்றித் தொகுத்ததிலிருந்து மறுமலர்ச்சி தொடங்கியது எனலாம். அடுத்து 1992 முதல் கவுர்ணா சமவெளிப் பள்ளியில் இம்மொழி பாடமாயிற்று. லூயிஸ் ஓபிரையன், அலிட்யா ரிக்னி என்ற கவுர்ணாப் பெரியவர்களும் ராப் ஏமரி என்னும் மொழியறிஞரும் சேர்ந்து 2002-இல் மொழிக்குழு ஒன்றை அமைத்தனர்.

வேலை எளிதாக இல்லை. கேட்டுச் சொல்ல ஒரு வாய் இல்லையே! பாதிரிமார் ‘ன’வையும் ‘ண’வையும் எப்போதும் சரியாகப் பிரித்து எழுதவில்லை, ‘ல’, ‘ள’ கதியும் அதுதான். நம் வீட்டுப் பிள்ளை எவரும் பிரித்துச் சொல்லும் ஒலிகள் அவை. பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டே சரியான ஒலியை ஊகித்தார்கள். இலக்கணத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமையும் உண்டு. நம் ‘இல்’ உருபைப்போல ‘ங்கா’ என்பது இடத்தைக் காட்டும். அடிலெய்டைச் சுற்றியுள்ள வில்லுங்கா, நோர்லுங்கா முதலிய ஊர்ப்பெயர்களில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய நூலில் இல்லாத பொருள்களுக்குப் புதுச்சொல் ஆக்கினார்கள். தொலைபேசிக்குக் குரலை அனுப்பும் பொருள் என்றும், கணினிக்கு மின்னல் மூளை என்றும் பெயர் வைத்தார்கள். வேண்டுமென்றே மாற்றாமல் வைத்துக்கொண்டவையும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படி பெயரிடுவது பழைய வழக்கம். மூத்தது ஆணானால் கர்த்தமிரு, பெண்ணானால் கர்த்தன்யா. இப்படி ஒன்பது பிள்ளைகள் வரைக்கும் பெயர் தயாராக இருக்கிறது! அந்தப் பெயர்களைச் சிலர் இன்று மறுபடியும் சூட்டிக்கொள்கிறார்கள்.

150 ஆண்டுகளுக்கு முன் பேசியது அச்சாக இதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். எந்த மொழி 150 ஆண்டுகள் மாறாமல் இருந்தது? நகர விழாக்களில் விருந்தினரை வரவேற்கும் முதல் பேச்சு இன்று கவுர்ணாவில் நடக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தால் ‘நீனா மர்ணி?’ என்கிறார்கள், ‘நீ நலமா?’ என்று பொருள். ‘நீ’ என்ற சொல்லின் ஒற்றுமையைக் கண்டு உடனே உறவு கொண்டாட வேண்டாம், நேயர்களே. அது தற்செயலாய் அமைந்ததாகவே தோன்றுகிறது. ஆனாலும் முதன்முதல் அதைப் படித்தபோது நான் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.